அட்டைத்துண்டு இல்லாத படம்

கேமராவுக்கு ஓடுகிறவனைப் பிடிக்கத் தெரியாத காலம் ஒன்று இருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டு. பத்திரிகைகள் போர்க்களத்துக்கு ஓவியனை அனுப்பின. அவன் பீரங்கிச் சத்தத்துக்குள் குந்தி பென்சிலால் கிறுக்குவான். இங்கே புகை, இங்கே பிணம் என்று ஓரத்தில் குறித்துக் கப்பலில் அனுப்புவான். ஊரில் மேசைக்கு முன்னால் இருப்பவன் அதை அச்சடிக்க மரக்கட்டையில் செதுக்குவான். தாம்பரம் நடைபாதையில் வாங்கிய கிழிசல் புத்தகத்தில் பார்த்தேன். இடது பக்கம் பென்சில், வலது பக்கம் அச்சு. இடது பக்கத்தில் வயிறு கிழிந்து கிடந்த குதிரை வலது பக்கத்தில் எழுந்து நிற்கிறது, முதுகில் ஒரு தளபதியோடு. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இப்போதும் வருகிறது.

அப்போது ஸ்ரீபெரும்புதூர் பக்கம், கார் கதவுக்குத் தகடு அழுத்தும் ஆலையில் இருந்தேன். பிரஸ் மெஷினுக்கு இரண்டு பட்டன். இரண்டு கையாலும் ஒன்றாக அமுக்கினால்தான் மேல்பாகம் இறங்கும். கை உள்ளே மாட்டாது. ஆனால் டார்கெட் ஏறும் மாதங்களில் சூப்பர்வைசரே ஓர் அட்டைத்துண்டை மடித்து ஒரு பட்டனில் சொருகிவிடுவார். ஒரு கை அமுக்கும், ஒரு கை தகடு எடுக்கும். எல்லா லைனிலும் இதே கதை.

குன்றத்தூரில் என் அறையில் தங்கியிருந்த திருநெல்வேலிக்காரனுக்கு ஒரு மத்தியானம் அந்த மெஷினில் வலது கையின் நான்கு விரல்கள் போயின.

ஆயுத பூஜைக்குப் போர்டில் படம் போடுகிறவன் என்று என்னை விபத்து ரிப்போர்ட்டுக்கு ஸ்கெட்ச் போடச் சொன்னார்கள். ரத்தத்தைக் கழுவும் முன்பே போட்டேன். மெஷின், தகடு, பட்டன், பட்டனில் அட்டை. அம்புக்குறி இழுத்து 'அட்டை' என்று எழுதினேன்.

"இன்னாபா, அத்த எதுக்குப் போட்டுகினு கீற?" என்றார் சூப்பர்வைசர்.

"இருக்குல்ல சார்."

"கேட்டாண்ட நாய்கூடத்தான் கீது. அத்தயும் போடுவியா? பூஜைக்குப் பூ போட்டதோட நிறுத்திக்கோ." தாளைக் கிழித்துப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டார்.

கம்ப்யூட்டரில் புதுப் படம் வந்தது. கோடெல்லாம் நேர்கோடு. பட்டனில் தூசிகூட இல்லை. முன்னால் நிற்கிற ஆள் முகத்தைத் திருப்பி யாரோடோ பேசிக்கொண்டிருக்கிறான். கீழே, 'ஆபரேட்டரின் கவனக்குறைவு'. செதுக்குகிறவனுக்கு எந்த நூற்றாண்டிலும் வேலை போவதில்லை.

கைக்கட்டோடு வந்தவனிடம் அதை நீட்டினார்கள். ஒத்துக்கொண்டால் பேக்கிங்கில் வேலை, இல்லையென்றால் வெளியே. சாட்சி என்று என்னையும் நிறுத்தியிருந்தார்கள்.

"கையெழுத்து போடுபா."

"எந்தக் கையால சார்?"

"ரொம்பப் பேசாத. இடது கட்டைவெரல் கீதில்ல? உருட்டு."

அவன் படத்தை நெடுநேரம் பார்த்தான்.

"இது யாரு சார்? இவனுக்குப் பத்து வெரலும் இருக்கு. இவன்ட்டயே கைநாட்டு வாங்கிக்கிடுங்க."

நான் சிரித்துவிட்டேன். ஆத்திரத்தில் வரும் சிரிப்பு அது. அன்றே அவனை வெளியே அனுப்பினார்கள்.

சாயங்காலம் அறையில் பாயில் உட்கார்ந்து, "அந்தப் படத்த இன்னொருக்க போடுல," என்றான்.

போட்டேன். "அட்ட இவ்வளவு சின்னதா இருந்துச்சு? நல்லாப் பாத்துப் போடு," என்று அதட்டினான். பக்கத்து அறைக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். அவர்களும் எங்கள் ஆலைதான், வேறு லைன்.

"எங்க மெஷின்ல அட்ட இல்லண்ணே, ரப்பர் பேண்டு," என்றான் ஒருத்தன். "அதையும் போடுங்க."

"எங்களதுல கம்பி," என்றான் இன்னொருத்தன்.

ஒவ்வொரு தாளிலும் அம்புக்குறி இழுத்தேன். அழுத்திய அழுத்தில் பென்சில் முனை ஒடிந்துகொண்டே இருந்தது. ஒருவன் பிளேடால் சீவிச் சீவிக் கொடுத்தான். மறுநாள் திருநெல்வேலிக்காரன் அவ்வளவையும் சுருட்டி அக்குளில் இடுக்கிக்கொண்டு, தொழிலாளர் அலுவலகம் போகும் பஸ்ஸில் ஏறினான்.