எங்கள் பாலத்து லிஃப்ட் சட்டமன்றத்துக்குப் போன கதை

மலேசியாவின் கிள்ளானில் எங்கள் வீட்டுக்கு எதிரே பெருஞ்சாலை. அதைத் தாண்டினால் டயாலிசிஸ் மையம். தாண்டுவதற்கு ஒரு மேம்பாலம், ஏறி இறங்க லிஃப்ட். அது கெட்டுப்போனதிலிருந்து, ஒரு காலை இழந்த என் கணவரைப் பக்கத்து வீட்டு அண்ணன்மார்தான் சக்கர நாற்காலியோடு தூக்கிக்கொண்டு படியேறினார்கள். அவர் குனிந்த தலை நிமிர மாட்டார். "இனிமே நான் போகலை, விடு லா" என்று ஒரு நாள் சொன்னார். போகாவிட்டால் உயிர் நிற்குமா?

எங்கள் தொகுதி உறுப்பினர் இதைச் சட்டமன்றத்தில் கேட்டார். நல்ல பதில் கிடைத்ததாகவும் சொன்னார். ஆனால் லிஃப்டைப் பார்த்துக்கொள்ளும் அலுவலகத்தின் முகப்பில் இருந்த பெண், "அப்படி யாரும் சொல்லலையே ஆன்டி" என்று கையை விரித்தாள். வந்ததே எனக்குக் கோபம்.

அன்றைய சட்டமன்றக் கூட்டத்தின் காணொளி இணையத்தில் இருந்தது. யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். குடியிருப்பு வாட்சப் குழுவில் போட்டேன். ஆளாளுக்குக் கும்பிடு பொம்மை அனுப்பினார்கள், கூடவே ரோஜாப்பூவோடு காலை வணக்கம். ஒருவரும் திறந்து பார்க்கவில்லை.

நானே கீரை ஆய்ந்துகொண்டு பார்த்தேன். வடிகால், குப்பை, நாய்த்தொல்லை என்று போய்க்கொண்டே இருந்தது. ஒருவரையொருவர் "யாங் பெர்ஹொர்மாட்", அதாவது மாண்புமிகு, என்று அழைத்துக்கொண்டே சண்டை போட்டார்கள். என் கணவருக்குக்கூடச் சிரிப்பு வந்துவிட்டது. அப்போதுதான் எங்கள் பாலத்தின் பெயர் காதில் விழுந்தது. பள்ளி விடுமுறை முடிவதற்குள் லிஃப்ட் சரிசெய்யப்படும் என்று மலாயில் தெளிவாகப் பதில். கீரையைப் போட்டுவிட்டுக் கத்தினேன்.

மறுநாள் அதே முகப்பில் கைபேசியின் சத்தத்தை முழுசாகக் கூட்டி ஓடவிட்டேன். வரிசையில் நின்றவர்கள் சூழ்ந்துகொண்டார்கள். "இன்னொரு தடவை போடுங்க அக்கா" என்றார் ஒருவர். போட்டேன், சந்தோஷமாகப் போட்டேன். அந்தப் பெண் உள்ளே போய் மேலதிகாரியைக் கூட்டி வந்தாள். அவர் நின்றபடியே கேட்டுவிட்டு, காணொளியில் அது எந்த இடத்தில் வருகிறது என்று குறித்துக்கொண்டார்.

விடுமுறை முடிவதற்கு முன்பே லிஃப்ட் ஓடியது. நாற்காலியைத் தள்ளப் போனேன். "வேணாம், நானே போறேன்" என்றார் கணவர். கதவு மூடியது. நான் கீழேயே நின்று அண்ணாந்து பார்த்தேன். கைபேசி ஒலித்தது.

"யாங் பெர்ஹொர்மாட், நான் மேல வந்துட்டேன்."