அப்பா செத்துக் காட்டிய நாட்கள்

ஒட்டுமீசைப் பசைக்கு ஒரு வாடை உண்டு. பிசினும் சாராயமும் கலந்த மாதிரி... அப்பா மெட்ராசிலிருந்து வந்து பெட்டியைத் திறந்தால் வீடு முழுக்க அதுதான். அந்த வாடை வந்தால்தான் எனக்கு அப்பா வந்த மாதிரி இருக்கும்.

எல்லோரும் தூங்கிவிட்டார்கள். சரித்திர நோட்டின் கடைசிப் பக்கங்களில் எழுதுகிறேன். வாயால் சொல்லத் தைரியம் இல்லை.

அப்பா முதலில் போடியில் ஏலக்காய் மண்டியில் காய் தரம் பிரித்தவர். ஊருக்கு வந்த நாடகக் கம்பெனியோடு கிளம்பிப் போய், அப்படியே சினிமாவுக்குள் நுழைந்தார். தபால்காரர், ஏட்டு, கல்யாணப் பெண்ணின் தகப்பன்... எந்த வேஷமானாலும் இடைவேளைக்குள் செத்துவிடுவார். நெஞ்சைப் பிடித்து, அரைச்சுற்று சுற்றி, முழங்கால் மடங்கி விழுவார். அதற்காகவே கூப்பிட்டார்கள்.

படம் போடிக்கு வந்தால் மறுநாள் கடைத்தெருவில் கேலிதான்.

“என்ன மாப்ளே, இதுலயும் சாவடிச்சுட்டாய்ங்களா?”

“ஆமாப்பா, கல்யாணச் சாப்பாடு போடுறதுக்கு முந்தியே அனுப்பிட்டாய்ங்க!”

டீக்கடை, பஸ் ஸ்டாண்டு... எங்கே பார்த்தாலும் செத்துக் காட்டச் சொல்வார்கள். அப்பா மறுக்கமாட்டார். ஒரே நிபந்தனை. விழுந்தபின் யாரும் தொடக் கூடாது. கைதட்டினால்தான் எழுந்திருப்பார். சத்தம் போதாவிட்டால் அப்படியே கிடப்பார். எப்போதும் நான்தான் முதலில் தட்டுவேன்.

அப்புறம் படங்கள் குறைந்தன. புது ஆட்கள் வந்துவிட்டார்களாம். போன காலாண்டு லீவில் அப்பா ஊரில்தான் இருந்தார். குரங்கணியில் இருக்கும் சித்தப்பாவைப் பார்க்க என்னையும் கூட்டிப் போனார். திரும்பும்போது, ஜீப்பு நிற்கும் இடத்தில், ஏலத்தோட்டத்தில் காய் எடுத்துவிட்டு வந்த பெண்கள் சூழ்ந்துகொண்டார்கள்.

“அண்ணே, ஒருக்கா செத்துக் காட்டிட்டுப் போங்கண்ணே!”

“இன்னைக்கு வேணாம் ஆத்தா. ஒரு மாதிரியா கெடக்கு.”

“நடிகரு பிகு பண்றாருடி!”

எல்லோரும் சிரித்தார்கள். ஜீப்பில் ஏறக் காலைத் தூக்கிய அப்பா அப்படியே சரிந்து விழுந்தார்.

நான் கைதட்டினேன். அவர்களும் தட்டினார்கள்.

அப்பா எழவில்லை. வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது. இது புதுசாக இருக்கிறதே என்று எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. ஒரு அக்கா மட்டும், “ஏ புள்ள, வாய் கோணுதே... தண்ணி கொண்டாங்கடி” என்று குனிந்தாள்.

“தொடாதீங்கக்கா! அப்பாவுக்குக் கோவம் வரும். இன்னும் பலமாத் தட்டுங்க.”

நடிகரின் மகளே சொல்கிறாளே என்று அவள் கையை எடுத்துக்கொண்டாள். ஜீப்பில் மூட்டைகள் எல்லாம் ஏற்றி முடிக்கும்வரை தட்டினோம். டிரைவர் அண்ணன் வந்து தொட்டுப் பார்த்துக் கத்திய பிறகுதான் நிறுத்தினோம். அவ்வளவு நேரமும் அப்பாவின் கண் திறந்தே இருந்தது. என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

“கொஞ்சம் வெரசாக் கொண்டாந்திருக்கலாம்” என்றார் டாக்டர். வலது கையும் காலும் போய்விட்டன. பேச்சும் போய்விட்டது.

நடிப்பு என்று நினைத்துவிட்டோம் என்று அந்தப் பெண்கள் அம்மாவிடம் அழுதார்கள். நான் சொன்னதை ஒருத்தியும் சொல்லவில்லை. அம்மா இன்னும் அவர்களைத்தான் திட்டுகிறாள். நான் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருக்கிறேன்...

தினமும் காலையில் அம்மா அப்பாவின் தாடையைப் பிடித்துப் பேசப் பழக்குகிறாள். பேச்சு வர வேண்டும் என்று நானும் சாமி கும்பிடுகிறேன். வந்தால் முதலில் என்ன சொல்வாரோ என்று நினைத்தால் உள்ளங்கை வேர்த்துவிடுகிறது.

நேற்று, “மல்லி...” என்று பாதிப் பெயர் வந்தது.

“ஏ மல்லிகா! ஒன்னத்தான் கூப்புடுறாரு! வெரசா வாடி!” அம்மா அழுதுகொண்டே சிரித்தாள்.

முன்பெல்லாம் பஸ்சை விட்டு இறங்கி, தெருமுனையிலிருந்தே என் பெயரைச் சொல்லிக் கத்திக்கொண்டு வருவார். கையில் இருப்பதைப் போட்டுவிட்டு ஓடுவேன்.

நேற்று அவர் இரண்டாம் தடவையும் கூப்பிட்டார். நான் அடுப்படியிலேயே நின்றுகொண்டிருந்தேன்.