காதுக்குள் பேசிய பிலோ அக்கா

பள்ளியில் சபை கூடல் நடந்துகொண்டிருந்தபோது செய்தி வந்தது. மாணவர்கள் வரிசையில் நின்றார்கள். மைதானம் குப்பையாகக் கிடப்பதைப் பற்றித் தலைமையாசிரியர் நீளமாகப் பேசிக்கொண்டிருந்தார். கைப்பேசியில், பிலோ அக்காவின் தங்கையிடமிருந்து ஒரு வரி: "அக்கா தூக்கத்துலேயே போயிட்டாங்க சார், நாளைக்கு சுங்காயில அடக்கம்." எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. போன வாரம்தான் தொலைபேசியில் என்னை வாங்கு வாங்கென்று வாங்கினார். அவ்வளவு தெம்போடு திட்டிய மனுஷி சொல்லாமல் கொள்ளாமல் இப்படிப் போவதா? பிறகு சிற்றுண்டிச்சாலைக்குப் பின்னால் போய் நின்று அழுதேன்.

இதைப் படிக்கும் உங்களில் பலர் அவருடைய அறைக்குப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு படியேறியவர்கள். ஈப்போவில் ஒரு டயர் கடையின் மேல்மாடி. கீழே சக்கரம் கழற்றும் சத்தம், மேலே கம்பளம் விரித்த ஓர் அறை, ஒரு பெரிய கண்ணாடி. அவரை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். பிலோமினா குழந்தைகளின் மனநலம் பார்ப்பவர். பாலர் பள்ளி வயதில் மனச்சோர்வு கண்ட பிள்ளைகளுக்கு, தாய் தகப்பனையும் சேர்த்து உட்காரவைத்துச் சிகிச்சை கொடுத்தவர். "மருந்தே நீங்கதான். நான் போத்தல்ல ஒட்டுற லேபிள்" என்பார். சுங்காய் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்து, கோலாலம்பூரில் படித்து, அங்கேயே பெரிய மருத்துவமனையில் வேலையும் பார்த்துவிட்டு, "அங்க எல்லாரும் இங்கிலீஷ்ல அழுறாங்க, எனக்குப் பத்தல" என்று ஈப்போவுக்குத் திரும்பி வந்தவர்.

என் மகள் கவிஷாவுக்கு அப்போது நான்கு வயது. சிரித்துத் திரிந்த பிள்ளை, எப்போது என்று சொல்லத் தெரியாதபடி மெல்ல மெல்ல அடங்கிப்போனாள். பொம்மைகளை வரிசையாகப் படுக்கவைத்து, துண்டால் மூடிவிட்டு, பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருப்பாள். தட்டில் சோறு ஆறும். பிறந்தநாள் கேக்கைப் பார்த்துக்கூட முகம் மலரவில்லை. உறவுக்காரர்கள் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். கண்பட்டுவிட்டது என்றார்கள், ஒற்றைப் பிள்ளை, செல்லம் அதிகம் என்றார்கள். பீடோர் பக்கம் முனியாண்டி கோயிலில் கயிறு கட்டினோம். விட்டமின் வாங்கிக் கொடுத்தோம். கடைசியில் ஒரு குழந்தை மருத்துவர்தான் பிலோ அக்காவிடம் அனுப்பினார்.

மனச்சோர்வு என்று அவர் சொன்னதும் நான் சண்டைக்கே போய்விட்டேன்.

"நாலு வயசுப் பிள்ளைக்கு என்னங்க மனச்சோர்வு? வேலைக்கா போகுது, வீட்டுக் கடனா கட்டுது?"

அவர் கொஞ்சமும் அசரவில்லை. "நாலு வயசுல சந்தோஷப்பட முடியும்னு நம்புறீங்கல்ல சார்? அப்ப கவலைப்படவும் முடியும்லா. ரெண்டும் ஒரே எடத்துலதான் இருக்கு."

என் மனைவி மாலதி, மகள் கையிலிருந்த கயிற்றைச் சட்டைக் கைக்குள் மெதுவாகத் தள்ளி மறைத்தாள். அக்கா அதைப் பார்த்துவிட்டார். "கயிறு இருக்கட்டும்மா. அது அதோட வேலைய பாக்கும், நாம நம்ம வேலைய பாப்போம்" என்றார். அந்த ஒரு சொல்லில் மாலதிக்கு அவரைப் பிடித்துப்போனது. எனக்குப் பிடிக்க இன்னும் சில வாரங்கள் ஆயின.

சிகிச்சை என்றால் எங்களைக் கூப்பிட்டு அறிவுரை சொல்வார் என்று நினைத்திருந்தேன். அதற்குப் பதில், மகளோடு என்னைக் கம்பளத்தில் உட்காரவைத்து, என் காதில் சின்னதாக ஒரு கருவியை மாட்டிவிட்டு, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் போய் அவர் உட்கார்ந்துகொண்டார். எங்களுக்கு அது முகம் பார்க்கும் கண்ணாடி, அவருக்கு ஜன்னல். அங்கிருந்து அவர் பேசுவது என் காதுக்கு மட்டும் கேட்கும். விதிகள் எளிமையானவை. பிள்ளை விளையாட்டை நடத்த வேண்டும், நான் கூடப் போக வேண்டும். கேள்வி கேட்கக் கூடாது, கட்டளை போடக் கூடாது, பாடம் நடத்தக் கூடாது.

நான் தமிழ்ப்பள்ளி ஆசிரியன். கையில் ஒரு கட்டையைக் கொடுத்தால் கேள்வி தானாக வாயில் வந்து நிற்கும். "இது என்ன நிறம் கண்ணு?" என்றேன்.

காதுக்குள் குரல்: "சார், கேள்வி."

"சரி, எத்தனை கட்டை இருக்கு, எண்ணு பாப்போம்."

"சார், பரீட்சை இன்னிக்கு இல்ல, லீவு விட்டாச்சு."

வாயை மூடிக்கொண்டேன். மூடிய வாயோடு என்ன செய்வது என்றே தெரியவில்லை. நெற்றியில் வியர்வை. கவிஷா ஒரு நீலக் கட்டையை எடுத்துச் சிவப்பின் மேல் வைத்தாள். "என்ன செய்றாளோ அத மட்டும் சொல்லுங்க. கிரிக்கெட் கமெண்டரி மாதிரி, ஆனா மெதுவா" என்றது காது. "நீலக் கட்டைய மேல வச்சிட்டா கவிஷா" என்றேன். அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். இவருக்கு இன்றைக்கு என்ன ஆயிற்று என்கிற பார்வை. பிறகு இன்னொரு கட்டையை எடுத்து, வைக்காமல், என் கையில் கொடுத்தாள். பல மாதங்களுக்குப் பிறகு அவளாக என்னிடம் கொடுத்த முதல் பொருள் அது. நான் "எதுக்குடா கண்ணு?" என்று கேட்க வாயெடுப்பதற்குள், "சார், வாய!" என்று அக்கா கத்தியதில் காது அடைத்துவிட்டது. வெளியே வந்தபோது கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஏசி ஒத்துக்கொள்ளவில்லையாம்.

வீட்டில் தினமும் ஐந்து நிமிடம் இப்படி விளையாட வேண்டும் என்பது கட்டளை. எங்களுக்குத்தான் கட்டளை, பிள்ளைக்கு இல்லை. ஆயர் தாவாரிலிருந்து வந்த ஒரு தகப்பனார், "ஐந்து நிமிஷம் எங்க கிடைக்குது அக்கா, ரெண்டு ஷிப்டு வேலை" என்று இழுத்தாராம். "கழிவறையில போன் பாக்குறீங்கல்ல, அந்த நேரத்த கொண்டு வாங்க" என்றாராம் அக்கா. அந்த மனிதரே இதை என்னிடம் சொல்லிச் சிரித்தார்.

சிகிச்சையின் அடுத்த பாதி கடினமாக இருந்தது. ஒரு நாள் வீட்டில் கவிஷாவின் கைபட்டு ஒரு குவளை மைலோ கொட்டி, நான் திருத்தி வைத்திருந்த தாள்கள் நனைந்துவிட்டன. நான் திட்டக்கூட இல்லை. அவளாகவே சுவரோரம் போய் ஒடுங்கி நின்று, "நான் கெட்ட பிள்ளை. நான் வேணாம். வேற பிள்ளைய வாங்கிக்குங்க" என்றாள். சாதாரணக் குரலில் சொன்னாள். "அய்யோ இல்லடா, நீ தங்கம்டா" என்று பாய்ந்து தூக்கப்போனேன். மாலதி என் கையைப் பிடித்து நிறுத்தினாள். இதற்குத்தான் அக்கா அவளைப் பழக்கியிருந்தார். "கண்ணீரைத் துடைக்க அவசரப்படாதீங்க. முதல்ல பக்கத்துல ஆள் வேணும், டிஷ்யூ அப்புறம்" என்பது அக்காவின் வாக்கு. மாலதி தரையில் உட்கார்ந்தாள். "மைலோ கொட்டிடுச்சு. உனக்கு ரொம்ப கஷ்டமா இருக்கு. அம்மா இங்கதான் இருக்கேன்" என்றாள். அவ்வளவுதான். பிள்ளை வெகுநேரம் அழுதது. பிறகு துணி கேட்டது. இருவரும் சேர்ந்து துடைத்தார்கள். அன்றைக்குத்தான் அவள் கொட்டியது மைலோவைத்தான், தன்னை இல்லை என்று அவளுக்கே கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும். அடுத்த முறை போனபோது மாலதி இதைச் சொன்னாள். அக்கா எழுந்து வந்து அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். என்னைப் பார்த்து, "சார் பாஸாக இன்னும் ரெண்டு தவணை ஆகும்" என்றார்.

கவிஷா ஒரே நாளில் குணமாகவில்லை. நல்ல வாரமும் வந்தது, கெட்ட வாரமும் வந்தது. ஆனால் பொம்மைகள் எழுந்து உட்கார்ந்தன, பிறகு சண்டை போட்டன, பிறகு கல்யாணம் செய்துகொண்டன. ஒருநாள் அடுப்படியில் வழுக்கி நான் உட்கார்ந்துவிட்டபோது வாய்விட்டுச் சிரித்தாள். இடுப்பு வலியோடு அப்படியே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.

அக்காவிடம் குறையே இல்லையா என்றால், நிறைய இருந்தது. சொன்ன நேரத்துக்கு வரமாட்டார். ஓட்டி வந்த காடியை நிறுத்தத் தெரியாது, டயர் கடைக்காரச் சீனர்தான் வெளியே வந்து நிறுத்திக் கொடுப்பார். 'தேத்தண்ணி, சீனி கம்மி' என்று கேட்டு வாங்கிவிட்டு, யாரும் பார்க்காதபோது ரெண்டு கரண்டி போட்டுக்கொள்வார். ஒருமுறை மாலதி தயங்கித் தயங்கி, உங்களுக்குப் பிள்ளைகள் இருக்கிறார்களா என்று கேட்டாள். "இல்லம்மா. அதனாலதான் ஊரான் பிள்ளையோட அப்பனுங்கள எல்லாம் காதுக்குள்ள பேசி வளத்துக்கிட்டு இருக்கேன்" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பில் வருத்தம் இருந்ததா என்று நாங்கள் தேடிப் பார்க்கவில்லை.

போன வாரம் வாங்கிய திட்டையும் சொல்லிவிடுகிறேன். கவிஷா இப்போது இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். வளர்த்த பூனை காணாமல்போய், அழுதுகொண்டே இருந்தாள். பழையது திரும்பிவிட்டதோ என்று பதறி அக்காவை அழைத்தேன். "பூனை காணாமப் போனா அழாம பட்டாசா வெடிப்பாங்க? அழட்டும். அழுது முடிச்சிட்டு சாப்பாடு, விளையாட்டுன்னு திரும்பி வாராளா, அத பாருங்க. நீங்க அவ அழுகைய பாத்துப் பயந்தா, அவளும்தான் பயப்படுவா. போன வைங்க சார்" என்றார். நான் அவரிடமிருந்து கேட்ட கடைசிச் சொற்கள் அவை.

அவர் இறந்ததை மகளிடம் மறைக்கலாமா என்று ஒரு நிமிடம் யோசித்தேன். மாலதி சொல்லிவிட்டாள். கவிஷா, "தனியாவா இருந்தாங்க?" என்று கேட்டாள். தங்கச்சி பக்கத்து அறையில் இருந்தார் என்றோம். "நானும் வாரேன்" என்றாள்.

என் அண்ணி கேட்டதும் கொதித்துப்போனார். "சாவு வீட்டுக்கு யாராச்சும் பிள்ளைய கூட்டிட்டுப் போவாங்களா தம்பி? அதுவும் இந்தப் பிள்ளைய! பழைய நோவு திரும்ப வந்துட்டா யாருலா பாக்குறது? பாக்குற ஆளே போயிட்டாங்க!" அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. எங்களுக்குள்ளும் அதே கேள்விதான். அன்றிரவு நானும் மாலதியும் சரியாகத் தூங்கவில்லை. ஆனாலும் காலையில் மூவரும் கிளம்பினோம்.

சுங்காய்த் தேவாலயத்தில் பெட்டியைப் பார்த்ததும் கவிஷா உடைந்து அழுதாள். தோள் குலுங்க, சத்தமாக. வரிசையிலிருந்த ஒரு பெரியம்மா நல்ல மனசோடு மிட்டாயை நீட்டி, "அழாத கண்ணு, ஆண்ட்டி சாமிகிட்ட போயிட்டாங்க" என்றார். "அழட்டும்மா, நாங்க இருக்கோம்" என்றேன். அவள் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. யாரும் என் காதுக்குள் பேசவில்லை.

திரும்பும் வழியில் பின்னிருக்கையில் சத்தமே இல்லை. செம்பனைக் காடுகள் கடந்துகொண்டே இருந்தன. மாலதி என் பக்கம் திரும்பவில்லை, நானும் கேள்வி கேட்கவில்லை. கவிஷாவின் பழைய மௌனம் எப்படி இருக்கும் என்று எங்களுக்குத் தெரியும், இது அதுதானா என்று மட்டும் தெரியவில்லை. பீடோர் நெருங்கும்போது குரல் வந்தது.

"அப்பா, பசிக்குது. மீ சாப்பிடலாமா?"

முதலில் தென்பட்ட நூடுல்ஸ் கடையில் நிறுத்தினேன். தன் தட்டை முடித்து என் தட்டிலும் கை வைத்தாள். மூக்கில் குழம்பு. மாலதி முந்தானையால் துடைக்கப்போனவள், தன் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மென்றுகொண்டே கவிஷா கேட்டாள்: "நாளைக்கும் கொஞ்சம் அழலாமா?"

"அழலாம்டா. அப்பா பக்கத்துல இருக்கேன்."

பிலோ அக்கா எனக்கு விட்டுப்போனது இதுதான். என் பயம் முழுசாகப் போய்விட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் என் மகள் அழும்போது, இப்போது எனக்கு உட்காரத் தெரியும்.