இருவருக்கும் பொருந்தும் வாசனை

என் அக்காவின் கணவர் அடிப்பதற்கு முன் முகர்ந்து பார்ப்பார். நாலரை மணிக்குத் தொழிற்சாலையிலிருந்து வருவார், ஷூவைக் கழற்றுவார், டிபன் பையை மேஜைமேல் வைப்பார். பிறகு அக்காவைக் கூப்பிட்டு எதிரில் நிற்கவைத்துக் கழுத்தோரம் மூக்கை வைப்பார். மல்லிகை வாசனை வந்தால், “யாருக்கு வெச்ச?” பவுடர் என்றால், “எங்க போன?” வியர்வை என்றால், “கைக்கு இவ்ளோ வேர்வை, ஓடி வந்தியா?” ஐதராபாத் பேச்சில் ‘கைக்கு’ என்றால் ‘எதுக்கு’. சோப்பு வாசனை மட்டும் இருக்கும் நாட்களில் பெரும்பாலும் அடி விழாது. அதனால் அக்கா பூ வைப்பதை விட்டாள், பவுடரை விட்டாள். மூன்றரை மணிக்கு இரண்டாம் முறை குளிப்பாள்.

சனிக்கிழமை லீவு நாட்களில் இதை நான் பக்கத்து அறையில் இருந்துகொண்டு பார்த்தேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான்தான். திருவண்ணாமலைப் பக்கம் அப்பா அம்மா இருவருக்கும் செங்கல் சூளையில் வேலை. அக்காவும் அங்கே கல் சுமந்தவள். மாமாவின் குடும்பம் மூன்று தலைமுறையாக ஐதராபாத்தில் ரயில்வே பணிமனை வேலையில் இருந்தது. மாமாவுக்குக் காஞ்சன்பாக்கில் மெஷின் ஆபரேட்டர் வேலை, குடியிருப்பில் இரண்டு அறை வீடு. பேகம்பேட்டில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் எனக்கு வேலை கிடைத்தபோது அந்த வீட்டில்தான் வந்து தங்கினேன். ஊர் பழகியதும் வேறு அறை பார்த்துப் போயிருக்கலாம். “நீ இருந்தா கொஞ்சம் கம்மியா அடிக்கறாரு” என்று அக்கா சொன்னதால் இருந்துவிட்டேன். இருந்து என்ன செய்தேன் என்பதையும் சொல்ல வேண்டும். முதல் தடவை அடி விழும் சத்தம் கேட்டபோது துண்டை எடுத்துக்கொண்டு குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டேன். இரண்டாம் தடவையும் அதையேதான் செய்தேன்.

சென்ட் விஷயம் அலுவலகத்தில் ஆரம்பித்தது. வெளிநாட்டிலிருந்து கிளையன்ட் வருகிறார்கள், பஸ்ஸில் வருபவர்கள் ஏதாவது போட்டுக்கொண்டு வந்தால் நல்லது என்று டீம் லீடர் கூரையைப் பார்த்துச் சொன்னார். அந்தக் குழுவில் பஸ்ஸில் வருபவன் நான் ஒருவன்தான். எனக்கு எதையும் பரீட்சைக்குப் படிப்பதுபோலப் படித்தால்தான் பிடிபடும். மதிய இடைவேளைகளில் இணையத்தில் தேடி நோட்டில் எழுதினேன். அடித்தவுடன் வருவது மேல்வாசனை, பதினைந்து நிமிடத்தில் போய்விடும். பிறகு நடுவாசனை. கடைசியில் தோலில் தங்குவது அடிவாசனை. ஒரு சென்ட்டை அதை வைத்துத்தான் எடைபோட வேண்டும். காலங்காலமாக ஒரே கலவையில் வரும் கிளாசிக் வகைகள் இருந்தன. ஆண், பெண் என்று பிரிக்காத யூனிசெக்ஸ் வகைகளும் இருந்தன. அந்த வார்த்தையை நோட்டில் எழுதி அடிக்கோடு போட்ட அன்றுதான் எனக்கு அந்த யோசனை வந்தது.

பேகம்பேட் பிரதான சாலையில் முதல் மாடியில் இருந்தது கடை. அப்போது விமானங்கள் அங்கேதான் இறங்கும். தலைக்கு மேலே ஒவ்வொன்றும் போகும்போது கண்ணாடி அலமாரியில் பாட்டில்கள் மெல்ல அதிர்ந்தன. ஆண்கள் பக்கம் முழுக்கக் கறுப்பு. ஒன்று தோட்டா மாதிரி, ஒன்று இறுக்கிய முஷ்டி மாதிரி. பெண்கள் பக்கம் பாவாடை விரித்த மாதிரியும் மொட்டு மாதிரியும் பாட்டில்கள். நடுத்தட்டில் மட்டும் அலங்காரம் எதுவும் இல்லை. நீலத் தாள் ஒட்டிய, தோள் உருண்ட கிளாசிக் கொலோன் ஒன்று இருந்தது. அதன் பக்கத்தில், கல்லூரிக் கெமிஸ்ட்ரி லேபில் அமிலம் வைக்கும் புட்டியைப்போல ஒரு சதுரப் பாட்டில். வெள்ளைக் கண்ணாடி, சாம்பல் நிற மூடி, சின்ன எழுத்தில் ஒரு வரி. கையில் எடுத்தால் கனத்தது. அடிக்கண்ணாடி மட்டும் இரண்டு விரல் தடிமன்.

விற்பனையாளர் பழைய நகரத்துக்காரர், தாடியில் மருதாணிச் சிவப்பு. கிளாசிக்கை ஓர் அட்டைத் துண்டில் அடித்துக் கொடுத்தார். ஆரஞ்சுத் தோலும் ஆஸ்பத்திரித் துணியும் கலந்த மாதிரி இருந்தது. பத்து நிமிடத்தில் காணாமல் போய்விட்டது. சதுரப் பாட்டிலை என் மணிக்கட்டில் அடித்தார். எலுமிச்சை இலையைக் கசக்கிய வாசனை. கொஞ்சம் மிளகு. பிறகு ஈர வெட்டிவேர். அரை மணி நேரம் வெளியே நடந்துவிட்டுத் திரும்பி வந்தபோதும் சுத்தமாகத்தான் இருந்தது.

“வீட்டுல ரெண்டு பேரும் போடலாம்” என்றார் இந்தியில். “ஆனா அவங்களக் கூட்டிட்டு வாங்க. போட்டுக்கப் போறவங்க தோல்ல பார்க்கணும்.”

“அவங்க வர முடியாது. அட்டையில் எடுத்துட்டுப் போறேன்.”

“அட்டைக்கு ரத்தம் ஓடுதா சார், சூடு இருக்கா? மோப்ப நாய்கூட அட்டையை நம்பாது” என்று சிரித்தார்.

நானும் சிரித்தேன். சதுரப் பாட்டிலை வாங்கிக்கொண்டு கிளம்பினேன்.

என் கணக்கு இதுதான். தினமும் காலையில் மாமா பார்க்க ஹாலில் நின்று நான் இதைப் போட்டுக்கொள்வேன். வீட்டுக்குள் இது என் வாசனை என்று அவர் மூக்கில் பதியும். அதற்குப் பிறகு அக்காவிடம் அதே வாசனை வந்தால் என் சட்டையைத் துவைத்ததில் ஒட்டியது என்று ஆகிவிடும். பெண்கள் சென்ட்டாக இருந்தால் இது நடக்காது. பாட்டிலும் சவரக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் நின்றால் யார் கண்ணிலும் படாது. நல்ல புரோகிராம் எழுதியவன் மாதிரி எனக்குப் பெருமையாக இருந்தது.

“இன்னாடா இது, பினாயிலா?” என்றாள் அக்கா.

“சென்ட்டுக்கா.”

“ஆம்பளதா, பொம்பளதா?”

“ரெண்டு பேருக்கும்.”

“அப்டிகூட விக்கறானா? செருப்புகூட அப்டி விக்க மாட்டான்.” மூடியைத் திறந்து முகர்ந்தாள். கண்ணை மூடினாள். நான் என் கணக்கை விளக்கினேன். பாட்டிலைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டே கேட்டாள். “நெஜமா தெரியாதா தம்பி? தெரிஞ்சா என்ன கொன்னுடுவாரு.”

“தெரியாதுக்கா.”

“நீ படிச்சவன். நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்.”

ஒரு வாரத்துக்கு மேல் அது நடக்கவும் செய்தது. நான் காலையில் அடித்துக்கொண்டபோது மாமா கேலி செய்தார். “கைக்கு மச்சான், ஆபீஸ்ல பொண்ணு மாட்டிச்சா?” “ஹவ் மாமா” என்று நானும் அவர் பாஷையிலேயே ஆமாம் சொன்னேன். ஒருநாள் அவரே எடுத்து அக்குளில் அடித்துக்கொண்டு போனார். அவர் போனதும் அக்கா முந்தானையில் ஒரே ஒரு தடவை அடித்துக்கொள்வாள். சமைக்கும்போது முந்தானையை மூக்கருகே கொண்டுபோய்ப் பார்ப்பதாகச் சொன்னாள். சாயங்காலம் மாமா முகர்வார். “மச்சான் சட்டை தொவச்சியா?” “ம்.” அவ்வளவுதான். இரவு அக்கா எனக்கு ஒரு தோசை கூடுதலாக வைப்பாள்.

அது ஒரு மே மாதச் சனிக்கிழமை. நான் வீட்டில் இருந்தேன். தைரியம் வந்துவிட்டதால் அக்கா அன்று மஞ்சள் பூசிக் குளித்துவிட்டுக் கழுத்தில் அடித்துக்கொண்டாள். அடுப்பங்கரையில் சூடு. நாலரைக்குள் எலுமிச்சையும் மிளகும் போய்விட்டன. அடிவாசனை அவள் சூட்டோடும் மஞ்சளோடும் சேர்ந்து வேறொன்றாக மாறியிருந்தது. இனிப்பாக, கனமாக, யாரோ உடம்போடு நெருங்கி நின்றுவிட்டுப் போனது மாதிரி இருந்தது. கதவைத் தாண்டி அவள் போனபோது எனக்கே அது தெரிந்தது. போய்க் குளி என்று சொல்ல எழுந்தேன். அதற்குள் ஷூச் சத்தம் கேட்டுவிட்டது.

மாமா அவள் கழுத்தில் முகர்ந்தார். நிமிர்ந்தார். என்னிடம் வந்து, சற்று முன் குளித்துவிட்டு நான் சென்ட் அடித்திருந்த மணிக்கட்டைப் பிடித்து முகர்ந்தார். திரும்ப அவளிடம் போனார். திரும்ப என்னிடம் வந்தார். இரண்டு பேருக்கும் நடுவில் நாலு அடி தூரம்தான்.

“இது வேற” என்றார்.

“ஒண்ணுதான் மாமா. ஒரே பாட்டில்.”

“நக்கோ மச்சான், இல்ல. உன்கிட்ட எலுமிச்சம்பழம். இவகிட்ட வேற எவனோ.”

நான் விளக்க ஆரம்பித்தேன். தோலுக்குத் தோல் வாசனை மாறும், உடம்புச் சூட்டில் மாறும், இது யூனிசெக்ஸ் என்றெல்லாம் நோட்டில் இருந்த அத்தனையும் சொன்னேன். அவளும் இதைப் போட்டுக்கொண்டாள் என்பதை அப்படியே என் வாயால் ஒப்புக்கொண்டதுகூட எனக்கு உறைக்கவில்லை. அவர் பொறுமையாகத் தலையை ஆட்டிக் கேட்டார். “ஓ, அப்படியா. எங்க, அந்தப் பாட்டில காட்டு” என்று சொல்லிக் குளியலறைக்குப் போனார். பாட்டிலைக் கையில் எடுத்துப் பார்த்துக்கொண்டே வந்தார். வந்த வேகம் குறையாமல் அதன் அடிப்பக்கத்தால் அக்காவின் இடது காதில் அடித்தார்.

பாட்டில் உடையவில்லை. இரண்டாவது அடி தாடையில் விழுந்தது. பல் ஒன்று தரையில் உருண்டதைப் பார்த்தேன். மூன்றாவதுக்கு அக்கா சரிந்துவிட்டதால் பாட்டில் கதவு நிலையில் மோதி உடைந்தது. வீடு முழுக்க எலுமிச்சை. அதற்குள் ரத்த வாசனை. காதிலிருந்து வழிந்தது ரவிக்கைக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. “எவன் அவன், சொல்லு, எவன் அவன்” என்று கேட்டுக்கொண்டே மாமா காலால் உதைத்தார். அவள் வயிற்றைக் கையால் மறைத்தாள், முதுகில் உதைத்தார்.

அன்று நான் குழாயைத் திறக்கப் போகவில்லை. அவர் என்னைவிடப் பலசாலி. இரும்போடு வேலை செய்த கை. நான் அவர் முழங்காலை உதைத்ததில் கண்ணாடித் துண்டில் வழுக்கி விழுந்தார், அதனால்தான் முடிந்தது. மார்பில் ஏறி உட்கார்ந்து அடித்தேன். மூக்கில் அடித்தேன். எலும்பு நகர்வது கைக்குத் தெரிந்தது. தலைமுடியைப் பிடித்துத் தலையைத் தரையில் மோதினேன். “போதும் மச்சான்” என்றார். நாலைந்து தடவை சொன்னார், “மச்சான், மச்சான்” என்று. குப்புறத் திருப்பி, முகத்தை அந்தக் கண்ணாடியும் சென்ட்டும் கிடந்த இடத்தில் வைத்துத் தேய்த்தேன். “மோந்து பாரு, நல்லா மோந்து பாரு” என்றேன். அவர் கத்தினார். சென்ட் காயத்தில் இறங்கினால் எவ்வளவு எரியும் என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் தேய்த்தேன்.

யாரோ பின்னாலிருந்து என் முடியைப் பிடித்து இழுத்தார்கள். கையை ஓங்கியபடியே திரும்பினேன். அக்கா. இரண்டு முழங்கைகளையும் தூக்கி முகத்தை மூடிக்கொண்டு சுவரோடு ஒட்டினாள். அவர் முன்னால் எப்படி ஒடுங்குவாளோ அப்படியே.

பக்கத்து வீட்டுக்காரர்கள் ஆட்டோ பிடித்துக் கொடுத்தார்கள். ஆஸ்பத்திரியில் காதைத் தைத்தார்கள். ஜவ்வு கிழிந்துவிட்டது, அந்தக் காது இனிக் கேட்பது கஷ்டம் என்றார் டாக்டர். தெலுங்கில், யார் அடித்தது என்று கேட்டார். எத்தனையோ தடவை வழுக்கி விழுந்ததாகச் சொன்னவள், “மா ஆயன” என்றாள். என் வீட்டுக்காரர். டாக்டர் எழுதிக்கொண்டார். கான்ஸ்டபிள் வந்ததும் அவரிடமும் அதையே சொன்னாள். நான் நிம்மதியாக மூச்சுவிட்டபோது, “என் தம்பியும் அவர அடிச்சான். மூஞ்சிய கண்ணாடில தேய்ச்சான். அதையும் எழுதிக்கோங்க” என்றாள்.

கான்ஸ்டபிள் என்னைப் பார்த்தார். “உனக்காகத்தானேம்மா அடிச்சான்” என்றார்.

“எனக்காக அடிக்கச் சொல்லல சார்.”

அவர் போனதும் கட்டிலோரம் உட்கார்ந்தேன். ஹப்சிகுடாவில் அறை பார்க்கிறேன், நாம் இரண்டு பேரும் போய்விடலாம், இனி உன்னை யாரும் தொட முடியாது என்றேன். தாடையைக் கட்டியிருந்ததால் மெதுவாகத்தான் பேச முடிந்தது அவளால்.

“அந்த வீட்டுக்குப் போவ மாட்டன். உங்கூடவும் வர மாட்டன்.”

“என்னக்கா பேசற? நான் உன்னைக் காப்பாத்தினேன்.”

“அவரு அடிக்கறப்ப கோவமா இருப்பாரு. உன் மூஞ்சிய பாத்தன்டா. நீ சந்தோசமா இருந்த.”

எழுந்து வராந்தாவுக்குப் போய்க் குழாயைத் திறந்து கையைக் கழுவினேன்.

மாமா மூக்கில் கட்டோடு ஒருநாள் ஆஸ்பத்திரி வாசல்வரை வந்து, வாட்ச்மேன் விடாததால் திரும்பிப் போனார். இரண்டு புகார்களும் காஞ்சன்பாக் போலீஸ் ஸ்டேஷனில் கிடந்தன. அவரையும் என்னையும் ஒரே பெஞ்சில் உட்காரவைத்து விசாரித்தார்கள். அவர் என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் அவர் முகத்தில் இருந்த கோடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு அப்போதும் வருத்தமாக இல்லை. அதுதான் என்னைப் பயமுறுத்தியது.

ஆஸ்பத்திரி ஆயா ஒருத்தி ஹப்சிகுடாவில் பெண்கள் விடுதி ஒன்றில் அக்காவைச் சேர்த்துவிட்டாள். தெருக்கோடித் தையல் கடையில் ரவிக்கைக்குக் கொக்கி வைக்கும் வேலையும் கிடைத்தது. ஊரிலிருந்து அம்மா போன் போட்டு அழுதாள். “கூடப் பொறந்தவன் கைநெறைய சம்பாரிக்கறான், இவ இன்னாத்துக்கு ஆஸ்டல்ல கெடக்கறா? கூட்டினு வந்து வெச்சிக்கோடா.” அதை அக்காவிடம் அப்படியே சொன்னேன். “அம்மாவுக்குத் தெரியாது” என்று மட்டும் சொன்னாள். ஞாயிற்றுக்கிழமைகளில் போவேன். போன் செய்துவிட்டுத்தான் வர வேண்டும் என்பாள். கேட்டுக்கு வெளியே, அவளுக்கு வலது பக்கமாக நின்று பேசுவேன். ஏதோ பேச்சில் என் கை கொஞ்சம் வேகமாக எழுந்தால் அவள் தோள் தானாக ஏறும். அதைப் பார்த்து நான் கையைப் பாக்கெட்டில் விட்டுக்கொள்ளப் பழகினேன்.

மழைக்காலம் முடியும்போது கடையில் வேலை செய்யும் இன்னொரு பெண்ணோடு சேர்ந்து அவள் ஓர் அறை எடுத்தாள். ஸ்டவ் ஒன்று வேண்டும் என்றாள். வாங்கித் தோளில் வைத்து மூன்று மாடி ஏறினேன். கதவு திறந்தே இருந்தது. உள்ளே இரண்டு பாய், ஜன்னலில் காயும் துணி. வாசற்படியில் கால் வைக்கப் போனேன்.

“இங்கயே வெச்சிடு தம்பி” என்றாள். “நான் எடுத்துக்கறன்.”

வைத்தேன். கனமான ஸ்டவ்தான். அவள் குனிந்து இரண்டு கையாலும் தூக்கி உள்ளே கொண்டுபோனாள்.