மாப்பிள்ளை அழைப்புக்குப் போட்ட சீமைப் பாட்டு

உலகத்தில் எத்தனை தேசம் உண்டோ அத்தனை தேசத்துப் பாட்டையும் கேட்ட ஆள் செங்கல்பட்டு வட்டாரத்தில் நான் ஒருவன்தான். பெருமைக்காகச் சொல்லவில்லை. வேறு யாரும் சொல்ல மாட்டேன் என்கிறார்கள், அதனால் நானே சொல்ல வேண்டியிருக்கிறது. படிப்பு மூன்றாம் வகுப்பு. ஒரே ஒரு குழாய் ஸ்பீக்கரோடும் வாடகை சைக்கிளோடும் தொடங்கி, தொண்ணூறுகளில் சொந்தமாக ரேடியோ செட் வைத்து, கல்யாணம், காதுகுத்து, ஆடிக்கூழ், சாவு என்று எல்லாவற்றுக்கும் பாட்டுப் போட்டவன்.

தேசங்கள் என்னைத் தேடி வந்தது மாமல்லபுரத்தில். கடற்கரையோரம் வெள்ளைக்காரர்கள் தங்கும் ஒரு லாட்ஜுக்கு சீசன் முழுக்க ஸ்பீக்கர் வாடகைக்கு விட்டிருந்தேன். மாதக்கணக்கில் தங்கியவர்கள் ஊருக்குக் கிளம்பும்போது, மூட்டை கனம் குறையட்டும் என்று துணி, செருப்பு, கேசட் எல்லாவற்றையும் போட்டுவிட்டுப் போவார்கள். துணி சமையல்காரருக்கு. செருப்பு வாட்ச்மேனுக்கு. கேசட்டை ஒருத்தரும் சீண்ட மாட்டார்கள். நான் பையோடு போய் நிற்பேன்.

அட்டையில் என்ன எழுதியிருக்கிறது என்று எனக்குத் தெரியாது. அதுவே நல்லதாகப் போயிற்று. படித்தவன் அட்டையைப் பார்த்துவிட்டே தலையாட்டிவிடுவான். நான் கேட்டேன். ஒருவன் கிதாரை இழுத்து இழுத்து, கடைசி பஸ்ஸைத் தவறவிட்டவன் மாதிரி புலம்புவான். ஓர் அம்மாள் கரகரத்த தொண்டையில் புருஷனைத் திட்டுவாள்; கூட்டம் கைதட்டும். பனி விழும் ஊர்க்காரர்கள் சிலர் வாயைத் திறக்காமலே முனகுவார்கள், திறந்தால் குளிர் உள்ளே போய்விடும் போல. ஆப்பிரிக்கா கேசட் ஒன்று போட்டால் சமையல்காரர் கரண்டியோடு வெளியே வந்துவிடுவார். ஒருத்தன் பியானோ வாசித்தது தகரக் கூரையில் மழை பிடித்துக்கொண்ட மாதிரியே இருந்தது. அவன் செத்து நூறு வருஷத்துக்கு மேல் ஆகிறது என்று பிற்பாடு தெரிந்தது. அன்றைக்கு நேற்றுப் பெய்த மழையாகத்தான் கேட்டது.

"இன்னா அண்ணாத்த, ஒனக்குப் புரியுதா?" என்பார் சமையல்காரர்.

"புரியறதுக்கு இன்னா கீது? அவன் பாடறான், நான் கேக்கறேன்."

ரேடியோ செட் தொழிலில் ஒரு கட்டுப்பாடு உண்டு. கல்யாணக் கேசட் ஒரு பெட்டியில், சாவுக் கேசட் வேறு பெட்டியில் இருக்க வேண்டும். கை மாறினால் குழாயோடு சேர்த்து ஆளையும் கழற்றி அனுப்பிவிடுவார்கள். ஆகவே உலகத்தையும் இரண்டு பெட்டியாகப் பிரித்தேன். நம் பக்கம் சாவென்றால் பறை அதிரும், விசில் பறக்கும், பாடைக்கு முன்னால் ஆட்டம். கால் தானாக எகிறுகிற பாட்டு எந்தத் தேசத்துடையதாக இருந்தாலும் சாவுப் பெட்டிக்குப் போயிற்று. நிதானமாக, கம்பீரமாக வருவதெல்லாம் கல்யாணப் பெட்டிக்கு. பல வருஷம் இப்படித்தான் ஓட்டினேன். ஒரு குறை சொன்னவர் கிடையாது.

பிறகு என் பெண்ணுக்கு வரன் அமைந்தது. வந்த இடமெல்லாம் தட்டிப்போய், நாங்கள் ஓய்ந்துபோன நேரம். மாப்பிள்ளை வீடு ஊரப்பாக்கம். பையனுக்கு சிங்கப்பெருமாள் கோயில் பக்கம் கம்பெனி வேலை. அவனுடைய தாய்மாமன் அணு ஆராய்ச்சியில் அதிகாரி, வெளிநாட்டில் இருந்துவிட்டு அப்போதுதான் திரும்பியிருந்தார். அவர் சொல்லாமல் அந்த வீட்டில் எதுவும் நடக்காது.

"இந்த ஒரு நாளாவது அந்த மிஷினாண்ட போவாம பொண்ணுக்கு அப்பனா நில்லு" என்றாள் மனைவி. நின்றேன். ஆம்ப்ளிஃபையருக்குப் பின்னால் நின்றேன். என் பெண் கல்யாணத்துக்கு வேறொருவன் பாட்டுப் போடுவதா?

மாப்பிள்ளை அழைப்பு. வண்டியிலிருந்து பையன் இறங்கியதும் கல்யாணப் பெட்டியிலேயே உயர்ந்த சரக்கைப் போட்டேன். கூட்டமாகப் பித்தளை வாத்தியம், அடிக்கு ஒரு தரம் பெரிய மேளம். மாப்பிள்ளை தாளம் தப்பாமல் ராஜா மாதிரி நடந்து வந்தார். எனக்கே புல்லரித்தது. தாய்மாமன் மட்டும் வாசலில் நின்றுவிட்டு, நேரே என்னிடம் வந்தார்.

"இது என்ன மியூசிக்னு தெரியுமாங்க?"

"ஃபாரின் கல்யாண மேளம் சார். எங்கிட்ட மட்டுந்தான் கீது."

"நான் அந்த ஊர்ல இருந்தவன். பொணத்தைத் தூக்கிட்டுப் போறப்ப வாசிக்கிறதுங்க இது!"

வரவேற்புச் சொல்வதற்காக மைக்கைத் திறந்து வைத்திருந்தேன். மண்டபம் முழுக்கக் கேட்டுவிட்டது. மாப்பிள்ளை படியில் ஒரு காலோடு நின்றார். உள் அறையில் என் பெண்ணின் வளையல் சத்தம்கூட நின்றது.

"மாப்பிள்ளையை வண்டியில ஏத்துங்க" என்றார் மாமன்.

நான் விடுவேனா? "சார், பொணத்துக்கு எவனாவது இவ்ளோ பொறுமையா வாசிப்பானா? சாவுன்னா குத்து வாணாமா?"

"அங்க அப்படித்தாங்க."

"அப்போ தப்பு அவங்களுது சார்!"

அவர் முகம் சிவந்தது. அதற்குள் மாப்பிள்ளையின் அம்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார்.

"தம்பி, நம்ம பெரியவன் கல்யாணத்துக்கும் இவரு செட்டுதான். இதே பாட்டுதான். நீ ஃபாரின்ல இருந்த, ஒனக்குத் தெரியாது. இப்ப அவனுக்கு இன்னா கொறஞ்சு பூட்ச்சி? ரெண்டு புள்ள, சொந்த வூடு."

பெரியவனின் மனைவி பின்னாலிருந்து, "அதான பாத்தேன், அன்னிக்கே எனுக்கு அழுவ அழுவயா வந்துச்சி" என்றாள். மண்டபமே சிரித்தது.

"நீ சும்மா இரும்மே" என்று மருமகளை அடக்கிவிட்டு மாமன் பக்கம் திரும்பினார் அந்த அம்மாள். "அவங்களுக்கு சாவுன்னா அவங்களோட போவட்டும். நம்முளுக்கு இது கல்யாணப் பாட்டு. புள்ளய உள்ளார இட்டுகினு வா. பொண்ணு காத்துகினு கீது."

அந்த அம்மாளைக் கும்பிட்டேன். கேசட்டை முதலிலிருந்து போட்டேன். மாப்பிள்ளை மறுபடி வாசலுக்குப் போய், மறுபடி தாளத்தோடு நடந்து வந்தார். சாப்பாடு முடிந்ததும் மாமன் வந்து பெட்டிகளைத் திறந்து அட்டைகளைப் படித்தார். கல்யாணப் பெட்டியில் பாதி துக்கமாம், மீதி குழந்தையைத் தூங்க வைப்பதாம். சாவுப் பெட்டியில் கல்யாண ஆட்டம் நிறைய இருந்ததாம். மாற்றி வைக்கட்டுமா என்றார். வேண்டாம் என்றேன், மாற்றினால் ஊருக்குக் குழப்பம்.

மறுநாள் முகூர்த்தத்துக்கு என் மனைவி ஆம்ப்ளிஃபையரின் ஃப்யூஸைப் பிடுங்கி இடுப்பில் செருகிக்கொண்டாள். நாதஸ்வரம் மட்டும் கேட்டது. பெண்ணைத் தாரை வார்த்துக் கொடுக்க அன்றைக்கு எனக்கு இரண்டு கையும் சும்மா இருந்தன.