கடைசி ரீலில் சாகாதவர்கள்

வெக்ஸ்போர்டில் பழைய ஐரோப்பியப் படங்கள் போடும் எங்கள் தமிழ்த் திரைப்பட வட்டத்துக்குப் பவளராணி அன்ரி தவறாமல் வருவார். தபால் பிரிக்கும் வேலையிலிருந்து ஓய்வுபெற்றவர். இருபத்தைந்து வருடங்களாகச் சியாமளா அன்ரியோடு ஒரே அப்பார்ட்மெண்டில் வாழ்கிறார். எங்கள் சனம் இவர்களைச் சிநேகிதிகள் என்று முடிவுகட்டிவிட்டது. கலியாணம் என்றால் வீட்டுக்கு ஒரு கார்ட் கொடுப்பதுதான் வழக்கம். இவர்கள் வீட்டுக்கு மட்டும் ஆளுக்கொன்றாக இரண்டு வரும்.

போன மாதப் படத்தில் இரண்டு பெண்கள் காதலித்தார்கள். வழக்கம்போல ஒருத்தி ஆற்றில் குதித்துச் செத்தாள், மற்றவள் ஒரு டாக்டரைக் கட்டிக்கொண்டாள். வெளிச்சம் வந்ததும் தலைவர் தியாகலிங்கம் தொண்டையைச் செருமினார்.

"அந்தக் காலத்திலேயே என்ன துணிவு! எங்கட ஆக்களுக்குள்ள உப்பிடி ஒருத்தரும் இல்லை. இருந்தால் நாங்கள் ஏற்காமலோ விடுவம்?"

ஏற்பாராம், பெருந்தன்மை! சியாமளா அன்ரிக்குப் பக்கத்தில் இருந்த பவளராணி அன்ரி எழுந்தார்.

"என்ன துணிவு, அண்ணை? நீங்கள் போடுற படம் எல்லாத்திலயும் ஒருத்தி சாகிறாள். ரெண்டு பொம்பிளையள் சேர்ந்து கிழவியளாகிறதைக் காட்ட உந்த டைரக்டர்மாருக்குப் பிலிம் காணேல்லையோ?"

தியாகலிங்கம் சிரித்தார். "அதில பாக்கிறதுக்கு என்ன கிடக்கு?"

பிறகு தன் மகளின் கலியாணக் கார்ட்டுகளை எல்லோருக்கும் கொடுத்துக்கொண்டு வந்தார். சியாமளா அன்ரிக்கு ஒன்று, பவளராணி அன்ரிக்கு ஒன்று.

பவளராணி அன்ரி தன்னுடையதை அவர் கையிலேயே திருப்பி வைத்தார்.

"எங்கட வீட்டுக்கு ஒண்டு போதும், அண்ணை."