எட்டு மதகுக்கு ஒரே தாள்

எங்கள் வாய்க்காலில் எட்டு மதகுகள். ஆற்றை ஒட்டிய தலைமடையில் முதல் மதகு, வாய்க்கால் முடிகிற கடைமடையில் எட்டாவது. ஆற்றில் முறை வைத்துத் தண்ணீர் விடும் காலத்தில் எங்களுக்கு நான்கு நாள் தண்ணீர் வரும். தொண்ணூற்றாறு மணி நேரம். அதை எட்டு மதகுக்கும் பரப்புக்கு ஏற்றபடி பிரித்து, இன்ன நாள் இத்தனை மணிக்குத் திறக்க வேண்டும், இத்தனை மணிக்கு அடைக்க வேண்டும் என்று ஒவ்வொரு மதகுக்கும் தனித்தாள் ஒட்டுவது எங்கள் பாசன சங்கத்தின் வழக்கம். ஒரு காலத்தில் எல்லா மதகிலும் ஒரே பட்டியலை ஒட்டிப் பார்த்தோம். "அவனுக்கு மட்டும் என்ன ரெண்டு மணி கூட?" என்று மண்வெட்டியைத் தூக்கும் அளவுக்குப் போனது. அதன் பிறகு அவரவர் தாள் அவரவருக்கு.

ஒரு அரசு அலுவலகத்தின் கணக்குப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன் என்பதால் அந்தத் தாள்களை எழுதுவது என் தலையில் விழுந்தது. எட்டையும் எழுதி, மணிகளைக் கூட்டி, தொண்ணூற்றாறு வருகிறதா என்று இரண்டு தடவை சரிபார்த்த பிறகுதான் சாப்பிடுவேன். சென்ற தை மாதம் வலது கை நடுக்கம் அதிகமாகி, நான் எழுதிய நான்கு எனக்கே ஒன்பதாகத் தெரிந்தது. மருமகள் பார்த்துவிட்டாள்.

அவள் சென்னைக் கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே வேலை செய்கிறாள். புத்தகங்களைக் கணினிக் கோப்புகளாக மாற்றும் வேலை. "குடுங்க மாமா, இது எனக்கு ஒரு மணி நேர வேலை" என்று என் கணக்கை வாங்கிக்கொண்டு போனாள்.

சாயங்காலம் கூப்பிட்டுக் காட்டினாள். திரையில் இரண்டு கோப்புகள். முதலாவது எக்ஸ்எம்எல். அதில் எட்டு மதகுகளின் விவரமும் இருந்தது. ஒவ்வொரு விவரத்துக்கும் முன்னாலும் பின்னாலும் அது இன்னது என்று பெயர். பரப்பு என்று தொடங்கி பரப்பு என்று முடியும். திறக்கும் நேரம் என்று தொடங்கி அப்படியே முடியும். இந்த ஒழுங்கு என் அலுவலகத்தில் ஒரு நாளும் இருந்ததில்லை. இரண்டாவது, ஸ்டைல்ஷீட். முதல் கோப்பில் இருப்பதை எப்படித் தாளாக மாற்ற வேண்டும் என்று சொல்வது அது. அதை மேலிருந்து கீழ் வரை இரண்டு தடவை படித்தேன்.

"இதுல எந்த மதகுன்னே இல்லையேம்மா?"

"இருக்காதுங்க மாமா. ஓட்டும்போது நாம வெளியிலேருந்து சொல்லணும். இங்க மேல பாருங்க, பாராமீட்டர்னு ஒண்ணு வச்சிருக்கேன். அஞ்சுன்னு சொன்னா அஞ்சாவது மதகுக்குத் தாள் வரும்."

"சொல்ல மறந்துட்டா?"

"ஒண்ணுன்னு வச்சுக்கும். அப்படிப் போட்டு வச்சிருக்கேன்."

"ஏன் ஒண்ணு?"

"என்ன மாமா, தலைமடையிலேருந்துதானே எண்ணுவோம்?"

சரிதான். எங்கள் பக்கத்தில் வேறு எங்கிருந்து எண்ணுவார்கள்?

ஒன்றிலிருந்து எட்டு வரை எண்களைச் சொல்லி அவள் ஓட்டினாள். நான் மனதுக்குள் எண்ணத் தொடங்கி மூன்றைத் தொடுவதற்குள் எட்டுத் தாள்கள் வந்துவிட்டன. முதல் மதகு, இரண்டாம் மதகு என்று தலைப்புகள் வரிசையாக நின்றன. மணிகளைக் கூட்டிப் பார்க்கக்கூட எனக்குத் தோன்றவில்லை. எத்தனை வருடம் ஒரே நமூனாப் படிவத்தைத் திரும்பத் திரும்ப எழுதியிருப்பேன்! இந்த ஸ்டைல்ஷீட்டோ தனக்குத் தெரியாத ஒன்றுக்குத் தனக்குள்ளேயே இடம் விட்டு வைத்துக்கொண்டு காத்திருக்கிறது. எண்ணைச் சொன்னதும் அந்த மதகின் தாளாகிவிடுகிறது. தான் மட்டும் ஓர் எழுத்துகூட மாறுவதில்லை. இப்படி ஒன்றை முதலில் நினைத்துப் பார்த்தவர் யாரோ என்று இரவுச் சாப்பாட்டிலும் சொல்லிக்கொண்டிருந்தேன். "ரசத்தைக் கலக்காம சாப்பிடுங்க" என்றாள் என் மனைவி.

மறுநாள் திருத்துறைப்பூண்டிக்குப் போய் அச்செடுத்து வந்து, மதியத்துக்குள் எட்டு மதகிலும் ஒட்ட ஆள் அனுப்பினேன். அடுத்த நாள் காலை ஆறு மணிக்குத் தண்ணீர். இந்த வருடத்துக்கு இதுவே கடைசி முறை என்று பேச்சு.

மூன்று மணிக்கு என் மைத்துனர் வந்தார். மனைவியின் தம்பி. எட்டாம் மதகில் நிலம் குத்தகைக்கு எடுத்துச் சாகுபடி செய்கிறவர். மழை பொய்த்ததால் அவருடைய நாற்று நடவே தாமதம். மற்றவர்கள் வயலில் கதிர் முற்றிக்கொண்டிருக்க, அவர் வயலில் கதிர் இன்னும் தண்டுப் பொதியைவிட்டு வெளியே வரவில்லை. இந்த முறையில் ஒரு நனைப்பு கிடைத்தால் நெல். இல்லாவிட்டால் மாட்டுக்கு வைக்கோல். அவ்வளவுதான்.

"என்ன அத்தான், எங்களுக்கு நாளைக்குக் காலையில ஆறு மணிக்கே தண்ணியா?"

"யார் சொன்னா?"

"நீங்கதான். ஒட்டியிருக்கே." செல்போனில் எடுத்திருந்த படத்தைக் காட்டினார். "கடைமடைக்காரனுக்கு மொத நாள் மொதத் தண்ணின்னா சந்தோஷம்தான். ஆனா அக்காவைக் கட்டிக் குடுத்ததுலேருந்து நீங்க எனக்கு இவ்வளவு நல்லது பண்ணுனதே இல்லையே, அதான் சந்தேகமா இருக்கு."

படத்தில் எட்டாம் மதகு என்று தலைப்பு. அதன் கீழே முதல் நாள் காலை ஆறு முதல் மாலை நான்கு வரை. அது முதல் மதகின் நேரம்.

உள்ளே போய் மீதி நகல்களைக் கட்டிலில் பரப்பினேன். தலைப்புகள் எட்டும் வேறு வேறு. நேரம் எட்டிலும் ஒன்றே. அப்போதும் கூட்டிப் பார்த்தேன், பழக்கம் விடவில்லை. எண்பது மணி. பதினாறு மணி நேரத்தைக் காணோம். அதைவிடப் பயங்கரம், நாளைக் காலை எட்டு மதகையும் ஒரே நேரத்தில் திறப்பார்கள். அப்படித் திறந்தால் தண்ணீர் நான்காவதைத் தாண்டாது. சாயங்காலம் நான்கு மணிக்குமேல் யார் முறை என்று எந்தத் தாளிலும் இல்லாததால், அதற்குப் பிறகு கை வலுத்தவன் முறை. அவரவர் தன் தாளை மட்டும் பார்ப்பதால் யாருக்கும் இது தெரிந்திருக்காது. மாத்திரை போட்டேனா என்றுகூட நினைவில்லை.

மருமகள் கோப்பைத் திறந்து கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு நெற்றியில் அடித்துக்கொண்டாள்.

"மேல இருக்கிற டெம்ப்ளேட்டுக்கு, அதாவது தலைப்பு போடற பகுதிக்கு, எட்டுன்னு போயிருக்கு மாமா. அதான் தலைப்பு சரியா வந்திருக்கு. நேரத்தைப் போடறதுக்கு உள்ள இன்னொரு டெம்ப்ளேட் வச்சேன். அதுக்குள்ளயும் அதே பேர்ல ஒரு பாராமீட்டர். அதைக் கூப்பிடும்போது எட்டைக் கையில குடுத்து அனுப்பணும். நான் குடுக்கல. வெளியில நாம சொன்னது அதுக்குத் தெரியவே தெரியாது. தன்கிட்ட இருந்த ஒண்ணை எடுத்துக்கிச்சு."

"தப்புன்னு ஒரு வார்த்தை சொல்லலையே அது?"

"அதுக்கு இது தப்பே இல்லையே மாமா. குடுக்கலைன்னா ஒண்ணுன்னு நான்தான சொல்லி வச்சேன்?"

பின்னால் நின்ற மைத்துனர் சிரித்தார். "அப்ப கம்ப்யூட்டருக்குள்ளயும் கடைமடைக்கு வந்து சேரல. தலைமடையிலயே நின்னுபோச்சு. இதுல என்னத்தப் புதுசாக் கண்டுபிடிச்சீங்க?"

அவர் கேலியாகச் சொன்னார். எனக்கோ உடம்பு சிலிர்த்தது. ஆற்றிலிருந்து வாய்க்காலுக்கு, வாய்க்காலிலிருந்து கிளையான கன்னி வாய்க்காலுக்கு, கன்னியிலிருந்து வயலுக்கு என்று ஒவ்வோர் இடத்திலும் ஒருவர் நின்று மடை மாற்றிவிட்டால்தான் இங்கே தண்ணீர் நகரும். நடுவில் ஒருவர் மறந்தால் சத்தமே இருக்காது. மேலே பாய்ந்த வயல் இன்னொரு தடவை பாயும், அவ்வளவுதான். அதே காரியம் இந்தச் சின்னப் பெட்டிக்குள் நடந்திருக்கிறது.

"அந்த ஒண்ணை எடுத்துடும்மா. யாரும் சொல்லலைன்னா எட்டுன்னு இருக்கட்டும்" என்றேன்.

"அப்பவும் தப்புத் தாள்தான் மாமா வரும், உங்க மச்சானுக்கு மட்டும் சரியா. சொல்லலைன்னா ஓடாம நின்னு கத்தற மாதிரி பண்ணிடறேன்."

அதுதான் சரி என்று ஒப்புக்கொண்டேன். கொஞ்சம் வருத்தத்தோடுதான்.

ஒரு வரி சேர்த்தாள், ஒரு வரி மாற்றினாள். இந்தத் தடவை எட்டுத் தாளையும் திரையிலேயே கூட்டினேன். தொண்ணூற்றாறு. மறுபடி கூட்டினேன். "மாமா, ஜெராக்ஸ் கடையை மூடிடுவாங்க" என்று மருமகள் விரட்டினாள். மைத்துனரின் வண்டியில் பின்னால் உட்கார்ந்து, புதுத் தாள்களையும் பசை டப்பாவையும் மடியில் வைத்துக்கொண்டு மதகு மதகாகப் போனேன். முதல் மதகில் மாற்ற ஒன்றும் இல்லை. யார் தவறு செய்தாலும் தலைமடைக்கு ஒன்றும் ஆவதில்லை.

மூன்றாம் மதகில் நான்கைந்து பேர் நின்றிருந்தார்கள். "ஏங்க, மத்தியானம் ஒண்ணு ஒட்டறீங்க, சாயங்காலம் ஒண்ணு ஒட்டறீங்க. நாளைக்கு என்ன சொல்லுவீங்க?"

"இதான் சரிங்க. பழசு தப்பா வந்துடுச்சு."

"மச்சானைக் கூடக் கூட்டிக்கிட்டு வந்து ஒட்டறப்பவே தெரியுது."

மைத்துனர் வண்டியை விட்டு இறங்கவில்லை. "என் முறை கடைசியிலதான் இருக்கு, நல்லாப் படிச்சுப் பாருங்க" என்றார். படித்தார்கள். ஒருவர் தலையை ஆட்டினார். மற்றவர்கள் மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு கலைந்தார்கள். அந்தத் தலையாட்டலை நம்பலாமா என்று மூன்று நாள் எனக்குத் தூக்கம் இல்லை.

நான்காம் நாள் சாயங்காலம் நான்கு மணிக்கு எட்டாம் மதகில் நின்றோம். வாய்க்காலில் சேறுதான் இருந்தது. நான்கு பத்து. நான்கு இருபது.

"தாளுல நாலுன்னு போட்டிருக்கீங்க அத்தான். தண்ணிக்குப் படிக்கத் தெரியாதோ?"

அவர் சிரித்தாலும் கண் வாய்க்காலை விட்டு நகரவில்லை. எனக்கு நிற்க முடியவில்லை. கரையோடு மேலே நடந்தேன். ஏழாம் மதகில் ஆள் யாரும் இல்லை. வயலுக்குப் போகும் வழியில் மதகுப் பலகை இறக்கப்பட்டிருந்தது. ஓரத்தில் வைக்கோலும் சேறும் வைத்து யாரோ அடைத்திருந்தார்கள், சொட்டுக்கூடப் போகாதபடி. அந்த வயலில் தண்ணீர் அரைகுறையாகத்தான் ஏறியிருந்தது. இன்னும் ஒரு மணி நேரம் திறந்து வைத்திருந்தாலும் கேட்பதற்கு ஆள் இல்லை. ஆனாலும் தன் தாளில் இருந்த மணிக்கு ஒருவர் வந்து அடைத்துவிட்டுப் போயிருக்கிறார். அதற்கு மேலேயும் ஆறு பேர் அப்படிச் செய்திருந்தால்தான் இங்கே தண்ணீர் வர முடியும். ஒருவர் தாளை ஒருவர் பார்த்ததில்லை.

மதகின் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வைக்கோல் துரும்புகளைத் தள்ளிக்கொண்டு பழுப்புத் தண்ணீர் அந்தப் பலகைப் பக்கம் திரும்பாமல் வாய்க்காலோடு கீழே போய்க்கொண்டிருந்தது.

"அத்தான்! வந்துடுச்சு!" என்று கீழே இருந்து குரல் கேட்டது. மணி பார்க்க மறந்துவிட்டேன்.